எண்ணூறு வீடுகளைப் பூட்டிய புதன்கிழமை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கம்ப்யூட்டருக்குள் வைரஸ் தானாக வரவில்லை, நான்தான் அழைத்து வந்தேன். வாசலில் நின்ற காவல்காரனை லீவில் அனுப்பியது நான். கதவைத் திறந்தது நான். உள்ளே வரலாமா என்று அது கேட்டபோது இரண்டு தடவை ‘ஆம்’ என்று அழுத்தியதும் நான். இத்தனைக்கும் முன்னால் பஞ்சாங்கம் பார்த்தேன் என்பதையும் மறைக்கக் கூடாது. புதன்கிழமை ஒன்பது மணிக்கு எமகண்டம் முடிகிறது. ஒன்பது பத்துக்கு ஆரம்பித்தேன். நல்ல நேரம் பார்த்து வைரஸைக் குடிவைத்தவன் காரைக்கால் மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நான் அரசாங்க ஆபீசில் முப்பத்து மூன்று வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். கோவில்பத்தில் ஒரு மாடி வீடு. கல்யாணமாகவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், “இன்னும் பாத்துக்கிட்டிருக்காங்க” என்பேன். அறுபத்தொரு வயதில் இந்தப் பதிலுக்கு யாரும் சிரிப்பதில்லை. அதனால் நானே சிரித்துக்கொள்கிறேன்.

கல்யாணமே ஆகாத எனக்கு எங்கள் சொந்தக்காரர்கள் மத்தியில் எட்டு வருஷமாக ஒரு உத்தியோகம் உண்டு. யார் வீட்டுக் கல்யாணமானாலும் அழைப்பு லிஸ்ட் என்னிடம்தான். விழிதியூர், கோட்டுச்சேரி, டவுன், அந்தப் பக்கம் நாகப்பட்டினம், இந்தப் பக்கம் பொறையார் என்று எண்ணூற்றுச் சொச்சம் வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் கம்ப்யூட்டரில் ஒரு வரி. குடும்பத் தலைவர் பேர், விலாசம், என்ன உறவு, பத்திரிகையை நேரில் வைக்க வேண்டுமா, தபாலில் அனுப்பலாமா, போனில் சொன்னால் போதுமா. தலைவர் இறந்துவிட்டால் யார் பேருக்கு எழுத வேண்டும் என்பதும் அதில் இருக்கும். சொல்தா வீடு என்று இன்றைக்கும் பேர் சொல்கிற, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாரிஸ் விலாசமும் உண்டு.

கடைசிக் கட்டம்தான் முக்கியமானது. அதற்கு நான் வைத்த தலைப்பு ‘கோபம்’. யார் யாரோடு பேசுவதில்லை, எந்தப் பந்தியில் யாரை யார் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது, சாம்பாரில் உப்பு போதவில்லை என்று எந்த வருஷம் யார் எழுந்து போனார், எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். ஒரு கல்யாணம் நடந்து முடிந்தால் எனக்கு எப்படியும் நாலு கோபம் புதிதாகக் கிடைக்கும்.

நிச்சயதார்த்தம் முடிந்த வாரத்தில் வீட்டுக்காரர்கள் பழத்தோடு என் மாடிப்படி ஏறி வருவார்கள். மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு பேராகப் பார்ப்போம். “அவங்களுக்கு நேர்ல வச்சாத்தான் வருவாங்க.” “வச்சாலும் வர மாட்டாங்க, ஆனா வைக்கலைன்னா பேசுவாங்க.” இப்படிப் போகும். நான் டீ போடுவேன். அந்த மூன்று மணி நேரத்துக்காக மாதக்கணக்கில் காத்திருப்பேன் என்பதை அவர்களிடம் காட்டிக்கொள்ள மாட்டேன். ரொம்ப வேலை இருப்பதுபோல் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பேன்.

இதில் இரண்டு சட்டங்கள் வைத்திருந்தேன். ஒன்று, லிஸ்ட்டை பென்டிரைவிலோ வாட்ஸ்அப்பிலோ தர மாட்டேன். யாராவது கேட்டால், “வைரஸ் வந்துடும்” என்பேன். அது எப்படி வரும் என்று எனக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது. அந்த வார்த்தைக்கு இருந்த மரியாதையில் பேச்சு நின்றுவிடும். இரண்டு, அச்செடுத்துக் கொடுத்த தாள்களைக் கல்யாணம் முடிந்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும். கோபக் கட்டம் வெளியே போனால் ஊரே ரெண்டுபடும் என்று காரணம் சொல்வேன். திரும்பி வந்த தாள்களைச் சுக்குநூறாகக் கிழிப்பேன்.

உண்மைக் காரணம் வேறு. லிஸ்ட் இன்னொருவர் கைக்குப் போய்விட்டால் என் மாடிப்படியில் யார் ஏறுவார்கள்?

ஒன்று சொல்ல வேண்டும். லிஸ்ட் பார்க்க வருகிறவர்கள் பத்திரிகை வைக்கத் திரும்பி வர மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம் வைத்து, அதன்மேல் பத்திரிகையை வைத்து, புருஷன் பெண்டாட்டியாக வந்து கையில் கொடுத்தால்தான் அது அழைப்பு. “நீங்க வந்துடுங்க, என்ன” என்று படியிறங்கும்போது சொல்வது அழைப்பு ஆகாது. எனக்குத் தட்டோடு வந்தது விழிதியூர் அண்ணன் வீடு மட்டும்தான். அவர் என் பெரியப்பா மகன். மற்றவர்கள் வரவில்லை. தனிக்கட்டைக்கு எதற்குத் தட்டு என்று நினைத்திருப்பார்கள் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். கல்யாணத்தன்று மூட்டுவலி என்று சொல்லி வீட்டில் இருந்துவிடுவேன். எட்டு வருஷத்தில் என் மூட்டு முகூர்த்த நாட்களில் மட்டுமே வலித்தது. அதை ஒரு டாக்டரும் கவனிக்கவில்லை.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. அந்த மாதங்களில் என் கதவைத் தட்டுகிற ஒரே ஆள் கேஸ் சிலிண்டர்காரர். அவரிடம் நான் சிலிண்டரின் எடை, ரப்பர் வாஷர், அவர் பெண்ணின் படிப்பு எல்லாம் விசாரிப்பேன். போன ஆடியில் அவர் சொன்னார்: “சார், இன்னும் பதினோரு வீடு இருக்கு.”

அப்போதுதான் ஜாதகப் பொருத்தம் என்ற யோசனை வந்தது. ஆடியானாலும் மார்கழியானாலும் ஜாதகம் பார்ப்பதை யாரும் நிறுத்துவதில்லை. கம்ப்யூட்டரில் பொருத்தம் பார்த்துச் சொன்னால் வருஷம் பன்னிரண்டு மாதமும் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும். நல்ல ஜாதக மென்பொருள் விலைக்குக் கிடைக்கிறது. பென்ஷன்காரனுக்கு முடியாத விலையும் இல்லை. ஆனால் இணையத்தில் தேடினால் அதையே ஓசியில், பூட்டை உடைத்துக் கொடுக்கிறார்கள். கிராக் என்று பேர். அரசாங்க ஆபீசில் ஓசிப் பேனாவில் எழுதியே காலம் தள்ளியவனுக்கு அது கண்ணில் படாமல் இருக்குமா?

கார்த்திகை மாதம், அடைமழை. ஃபைலை இறக்கினேன். கூடவே ஒரு சின்னக் குறிப்பு இருந்தது. அதில் முதல் வரி: தயவுசெய்து, இதை நிறுவுவதற்கு முன் உங்கள் ஆன்டிவைரஸை அணைத்துவிடவும். ஆன்டிவைரஸ் அதற்கு முன்பே சிவப்புக் கட்டம் போட்டு, இது ஆபத்து என்று சொல்லிக்கொண்டிருந்தது. நான் இரண்டையும் பார்த்தேன். ஒன்று கத்துகிறது, ஒன்று தயவுசெய்து என்கிறது. தயவுசெய்து என்றவன் பக்கம் போனேன்.

மென்பொருள் அழகாகத் திறந்தது. பச்சைத் திரை, மேலே பிள்ளையார். சோதித்துப் பார்க்க ஒரு ஆண் ஜாதகமும் ஒரு பெண் ஜாதகமும் வேண்டும். ஆணுக்கு என்னுடையதைக் கொடுத்தேன். பெண்ணுக்குக் கொடுக்க எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒன்றுதான். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் கோட்டுச்சேரியிலிருந்து வந்த வரன். ஜாதகம் பொருந்தவில்லை என்று அவர்கள் வீட்டில் சொல்லிவிட்டார்கள். பிறந்த தேதி, நேரம், நட்சத்திரம், பாதம் எல்லாம் இன்னும் நினைவிருந்தது. மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு இருக்கிறதா என்ன? கம்ப்யூட்டர் என்னதான் சொல்கிறது பார்ப்போம் என்று தட்டினேன்.

‘கணக்கிடப்படுகிறது, காத்திருக்கவும்’ என்று வந்தது. ஒரு சக்கரம் சுற்றியது. வெளியே மழை. நான் காத்திருந்தேன். இவ்வளவு நேரம் யோசிக்கிறதென்றால் பொருத்தம் ஒரு மாதிரி இழுபறியாக இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் படபடப்பாகக்கூட இருந்தது. கம்ப்யூட்டர் உள்ளே தடதடவென்று ஓடுகிற சத்தம் கேட்டது. எனக்காக இவ்வளவு சிரமப்படுகிறதே என்று இரக்கப்பட்டேன்.

அரை மணி கழித்துச் சக்கரம் நின்றது. பதில் வரவில்லை. அன்றைக்குக் கோட்டுச்சேரி வீட்டிலிருந்து ஒரு பதிலாவது வந்தது.

லிஸ்ட்டைத் திறக்கப் போனேன். திறக்கவில்லை. ஃபைலின் பேருக்குப் பின்னால் நாலு எழுத்தில் ஒரு வால் முளைத்திருந்தது. பென்ஷன் காகிதங்கள், போட்டோக்கள், வீட்டு வரி ரசீது எல்லாவற்றுக்கும் அதே வால். ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஆங்கிலக் கடிதம் கிடந்தது. கவலைப்படாதீர்கள், உங்கள் ஃபைல்கள் பத்திரமாகப் பூட்டப்பட்டுள்ளன, சாவி எங்களிடம் இருக்கிறது, டாலரில் பணம் அனுப்பினால் தருவோம், மூன்று நாளுக்குள் என்றால் பாதி விலை, சந்தேகமிருந்தால் எழுதுங்கள். ஆடித் தள்ளுபடி மாதிரிதான். எனக்கு யாரும் இவ்வளவு மரியாதையாகக் கடிதம் எழுதி வெகுநாளாகிறது. இரண்டு தடவை படித்தேன். ‘உங்களிடமிருந்து பதிலை எதிர்பார்க்கிறோம்’ என்ற இடத்தில் கொஞ்சம் நின்றேன்.

பிறகுதான் காலண்டரைப் பார்த்தேன். விழிதியூர் அண்ணனின் சின்ன மகளுக்குத் தை மாதத்தில் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை லிஸ்ட் பார்க்க வருவதாக அண்ணி போன் செய்திருந்தார். நடுவில் மூன்றே நாள்.

கம்ப்யூட்டரின் பெட்டியைப் பாலிதீன் பையில் சுற்றி, மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர் ஒரு அம்மா. புருஷனோடு துபாயில் இருந்தபோது கற்ற வேலை. திரும்பி வந்து கடை போட்டிருக்கிறார். அதிகம் பேச மாட்டார். பெட்டியைத் தன் திரையில் மாட்டி, வாலைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

“பாத்ததும் இன்டர்நெட்ட நிறுத்துனீங்களா சார்?”

“இல்லம்மா. மொதல்ல அந்தக் கடிதத்த முழுசாப் படிச்சேன்.”

“ஆன்டிவைரஸ் கெடையாதா?”

“இருந்துச்சு.”

“அப்பறம்?”

“அணைக்கச் சொல்லி எழுதியிருந்துச்சு.”

“யாரு எழுதுனா?”

“அந்த ஃபைல்லயே…”

அவர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். “திருடன் வந்து, நாயக் கட்டிட்டு வாங்கன்னா கட்டிட்டு வருவீங்களா சார்?”

“மரியாதையாக் கேட்டா கட்டுவேன்மா.”

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. நான் சொல்கிற நகைச்சுவைக்குக் காரைக்காலில் இப்படித்தான் வரவேற்பு.

“பணம் அனுப்புனா சாவி தருவானா?” என்று கேட்டேன்.

“அனுப்பாதீங்க. அனுப்புனாலும் வரும்னு சொல்ல முடியாது. இவரு குடுப்பாருன்னு தெரிஞ்சா மறுபடியும் வருவான். பூட்டுன ஃபைலயெல்லாம் அப்படியே ஒரு டிஸ்க்குல எடுத்துத் தர்றேன், அழிக்காம வைங்க. நசீபு இருந்தா பின்னாடி ஒருநாள் அதுக்குச் சாவி வெளியாகும். சில சமயம் ஆகும். பெட்டிய முழுசா அழிச்சுத்தான் புதுசாப் போடணும். பேங்க் பாஸ்வேர்டு, மெயில் எல்லாத்தையும் வேற போன்லேர்ந்து இன்னக்கே மாத்துங்க. அதையும் திருடியிருப்பான்.”

“சரிம்மா.”

“காப்பி எங்க வச்சிருக்கீங்க?”

“காப்பி வைக்கல.”

“பென்டிரைவுல?”

“வைரஸ் வந்துடும்னு வைக்கல.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் லேப்டாப்போடு காத்திருந்த ஆள் வெளியே திரும்பி மழையைப் பார்க்க ஆரம்பித்தார்.

“பிரிண்ட் எடுத்தது?”

“கிழிச்சிட்டேன்.”

“யாரு கிழிச்சது?”

“நாந்தாம்மா. எல்லாத்தயும் நாந்தான்.”

அதற்குமேல் அவர் திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. வேலை செய்துகொண்டே, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். “ஓசியில வர்ற சாஃப்ட்வேர் பக்கம் போகாதீங்க. அப்டேட் கேட்டா பண்ணுங்க, அப்பறம்னு தள்ளாதீங்க. ஆன்டிவைரஸ அணைக்கச் சொல்ற எதையும் நம்பாதீங்க. ஒரு காப்பி வெளி டிஸ்க்குல எடுங்க. எடுத்ததும் கழட்டி பீரோவுல வைங்க, சொருகியே வச்சிருந்தா அதையும் சேத்துப் பூட்டிடும். இன்னொரு காப்பி வேற வீட்ல இருக்கணும்.”

“வேற வீட்லயா? யாரு வீட்ல?”

“உங்களுக்கு வேண்டியவங்க வீட்ல.”

கோவில்பத்து வரை மொபெட்டில் வரும்போது அந்த வீட்டைத் தேடிக்கொண்டே வந்தேன். எண்ணூறு வீடுகளின் விலாசம் வைத்திருந்தவன், ஒரு டிஸ்க்கைக் கொடுத்து வைக்க ஒரு வீடு தேடினேன்.

அன்றைக்கும் அடுத்த இரண்டு நாளும் நினைவிலிருந்து லிஸ்ட் எழுதினேன். நாற்பது பக்க நோட்டு, நீல மை. முதல் நாள் மளமளவென்று வந்தது. அப்புறம்தான் பார்த்தேன், எனக்கு நினைவிருந்ததெல்லாம் கோபங்கள். பாயசம் வராததற்காக யார் யாரோடு பேசுவதில்லை என்பது பிசகாமல் வந்தது. அவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்பது வரவில்லை. பெரியவர் இறந்தபின் யார் பேருக்கு எழுதுவது என்பது வரவில்லை. இருநூற்றுப் பதினான்கோடு பேனா நின்றது. மீதி அறுநூறு வீட்டுக்காரர்களும் தையில் அண்ணன் மேல் கோபப்படப் போகிறார்கள். அதைப் பதிவு செய்ய எனக்குக் கட்டமும் இல்லை. மழை விடவில்லை. சாப்பாட்டை இரண்டு வேளையாகக் குறைத்தேன். துக்கத்தினால் இல்லை, சமைத்தால் பாத்திரம் கழுவ வேண்டும். அந்த மூன்று நாளில் போன் ஒரு தடவை அடித்தது. லோன் வேண்டுமா என்று ஒரு பெண் கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல ஏழு நிமிஷம் எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, நான் டீ கொடுத்துவிட்டு இதைச் சொல்வதா? முடியாது என்று தோன்றியது. சனிக்கிழமை காலையிலேயே பஸ் ஏறி விழிதியூர் போனேன். நோட்டு, கடைக்காரம்மா கொடுத்த டிஸ்க், ஒரு சீப்பு வாழைப்பழம். வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்தேன். இனிமேல் எனக்காக யாரும் மாடி ஏற வேண்டியதில்லை என்பதை எந்த நகைச்சுவையில் வைத்துச் சொல்வது என்றுதான் யோசனை. ஒன்றும் அமையவில்லை.

அண்ணன் வயலில் தண்ணீர் வடிக்கப் போயிருந்தார். அண்ணி மட்டும் இருந்தார், பருப்பு புடைத்துக்கொண்டு.

“வாங்க தம்பி. நாளைக்கு நாங்கதானே வர்றதா இருந்துச்சு? மழையில ஏன் வந்தீங்க?”

“லிஸ்ட் போயிடுச்சு அண்ணி.”

“எங்க போச்சு?”

வைரஸ், பூட்டு, டாலர், கடைக்காரம்மா எல்லாம் சொன்னேன். கோட்டுச்சேரி ஜாதகத்தை மட்டும் விட்டுவிட்டேன். அண்ணி முறத்தைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

“எங்களுக்கெல்லாம் வைரஸ் வந்துடும், வைரஸ் வந்துடும்னு சொன்னது நீங்கதானே?”

“ஆமா.”

“வந்துடுச்சா?”

“வந்துடுச்சு.”

“அப்ப சரியாத்தான் சொல்லியிருக்கீங்க.”

எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு மஞ்சள் பையோடு வந்து, அதிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட தாள்கட்டை எடுத்து என் மடியில் வைத்தார். என் லிஸ்ட். மூன்று வருஷத்துக்கு முன் பெரிய மகள் கல்யாணத்துக்கு நான் அச்செடுத்துக் கொடுத்தது. கோபக் கட்டத்தோடு, கடைசி வரி வரை.

“இதத்தான் நீங்க திருப்பிக் குடுத்தீங்களே அண்ணி. நான் கிழிச்சேனே.”

“குடுக்குறதுக்கு முன்னாடி ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டேன். கோவிச்சுக்காதீங்க தம்பி. நம்ம வீட்ல எந்தக் காகிதமும் ஜெராக்ஸ் எடுக்காம வெளிய போகாது. கரண்ட் பில்லுக்கே மூணு காப்பி வச்சிருக்கேன்.”

கடைக்காரம்மா சொன்ன அந்த இன்னொரு வீடு மூன்று வருஷமாக விழிதியூரில்தான் இருந்திருக்கிறது. நான்தான் அதற்கும் காப்பி தராமல் சட்டம் போட்டிருந்தேன். என் சட்டத்தை யாரோ ஒருத்தர் மீறியதில் பிழைத்தேன். தாள்களைப் புரட்டிக்கொண்டே போனேன். மூன்று வருஷத்துச் சாவும் பிறப்பும் புதுக் கோபமும் மட்டும் சேர்த்தால் போதும்.

கடைசித் தாளின் அடியில், என் அச்செழுத்துக்குக் கீழே, அண்ணியின் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. கோவில்பத்து தம்பி. நேரில்.

“இத மட்டும் ஏன் அண்ணி பேனாவால எழுதியிருக்கீங்க?”

“நீங்க இதுல இல்லையே தம்பி.”

இல்லாமல் எப்படி இருக்கும்? முதல் தாளிலிருந்து பார்த்தேன். கோவில்பத்து என்று இருந்த பதினேழு வரிகளையும் விரல் வைத்துப் பார்த்தேன். இல்லை. எண்ணூற்றுச் சொச்சம் வீடுகளை எழுதியவன், தன் வீட்டை எழுதவில்லை. லிஸ்ட் என் கையில் இருக்கிறது, நான் எதற்கு அதில் என்று அன்றைக்குத் தோன்றியிருக்கும். தோன்றியதுகூட நினைவில்லை. இந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டுதான் எல்லாக் கல்யாண வீட்டுக்காரர்களும் தட்டோடு தெருத்தெருவாகப் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு பேராகக் கோடு போட்டபடி, ஒரு வீடும் விடாமல். எட்டு வருஷத்துக் கல்யாணங்கள். எட்டு வருஷத்து மூட்டுவலி. லிஸ்ட் கொடுத்துவிட்டுக் கல்யாணத்துக்கு வராத மனுஷன் என்று அவர்கள் வீட்டில் என் பேருக்கு எதிரே ஒரு கோபம் இருந்திருக்கும். அதையும் நான் பதிவு செய்யவில்லை.

முறத்தில் பருப்பு மேலே போய்க் கீழே வந்தது. நான் ஒரு நகைச்சுவை தேடினேன், கிடைக்கவில்லை.

“மூணு வருஷமா உங்களுக்குத் தெரியும். ஏன் அண்ணி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?”

அண்ணி தலை நிமிரவில்லை.

“நீங்களா வேணும்னுதான் விட்டீங்கன்னு நெனச்சேன்.”